"ஒரு காசும் வேண்டாம், பிடிபிடிஎன் இருக்கிறது" என்கிறார் கல்லூரி ஏஜெண்டு. தம்பிக்கு என்ன செய்யலாம்?

சுங்கைஅக்கா | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மா பள்ளிக் கேண்டீனில் வேலை. நான் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். தம்பி எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டான். ஐந்து பாடத்தில் கிரெடிட்.

போன வாரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அனிமேஷன் டிப்ளமோ, இரண்டரை வருடம், மொத்தக் கட்டணம் 26,000 ரிங்கிட். "நீங்கள் கையிலிருந்து ஒரு காசும் போட வேண்டாம், எல்லாம் பிடிபிடிஎன் பார்த்துக்கொள்ளும், லேப்டாப்பும் இலவசம்" என்றார்கள். பிடிபிடிஎன் என்பது அரசின் உயர்கல்விக் கடன் நிதி என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். சனிக்கிழமைக்குள் 300 ரிங்கிட் கட்டி இடத்தைப் பிடிக்க வேண்டுமாம்.

அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். அப்பா கடன் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். தாத்தா காலத்தில் வட்டிக்கு வாங்கி வீட்டில் பட்ட பாடு அவருக்கு இன்னும் மறக்கவில்லை. என்னிடம்தான் முடிவு கேட்கிறார்கள். இந்தக் கடன் எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், அப்பா பேரில் ஏதாவது விழுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போகணக்கு | திங்கள், இரவு 10.25

தங்கச்சி, முதலில் ஒன்று. சனிக்கிழமை என்ற கெடுவை மறந்துவிடுங்கள். பிடிபிடிஎன் விண்ணப்பம் ஒரு கல்லூரியின் சனிக்கிழமையோடு முடிந்துபோவதில்லை. அவசரப்படுத்துகிறவர் விற்க வந்தவர்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் குடும்பம் எஸ்டிஆர் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு ரொக்க உதவி) பெறுகிற குடும்பம் என்றால் முழுத் தொகைக்குத் தகுதி உண்டு. எஸ்டிஆர் இல்லாமல் குடும்ப வருமானம் 8,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் 75 விழுக்காடு, அதற்கு மேலே போனால் 50 விழுக்காடு. தனியார் கல்லூரி டிப்ளமோவுக்கு முழுத் தொகை என்பதே ஆண்டுக்கு 6,800 ரிங்கிட்தான். இரண்டரை வருடத்துக்கு 17,000.

கட்டணம் 26,000. கடன் 17,000. மீதி 9,000 எங்கிருந்து வரும்? முப்பது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 300 ரிங்கிட். அதற்கு மேல் அறை வாடகை, சாப்பாடு, பஸ். "ஒரு காசும் வேண்டாம்" என்ற பேச்சு இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. அந்த 9,000-க்குக் கல்லூரி ஏதாவது கழிவு தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை எண்ணிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

திருப்பிக் கட்டும் கணக்கு இது. பிடிபிடிஎன் வட்டி வாங்குவதில்லை, உஜ்ரா என்று ஒரு கட்டணம் வாங்குகிறது. ஆண்டுக்கு 1 விழுக்காடு, வாங்கிய மொத்தத் தொகையின் மேல் நிலையாகக் கணக்கிடுவார்கள். 17,000 ரிங்கிட்டைப் பத்து வருடத்தில் கட்டுவதாக வைத்தால் கட்டணம் 1,700, ஆக மொத்தம் 18,700, மாதம் சுமார் 156 ரிங்கிட். முன்பு 3 விழுக்காடு இருந்தது, 2008-க்குப் பிறகுதான் 1 ஆக இறங்கியது. நம் ஊரில் ஐயாயிரம் ரிங்கிட்டுக்கு வாராவாரம் வந்து கதவைத் தட்டும் ஆலோங் என்கிற கந்துவட்டிக்காரனோடு இதை ஒப்பிடவே கூடாது. அப்பாவுக்கு அதை நன்றாக விளக்கிச் சொல்லுங்கள். அவர் பயப்படுகிற கடன் வேறு, இது வேறு.

கட்டத் தொடங்குவது படிப்பு முடிந்து 12 மாதம் கழித்து. படிப்பை இடையில் விட்டுவிட்டாலும் அதுவரை வாங்கிய தொகை கடன்தான். இதைத்தான் யாரும் கூட்டத்தில் சொல்வதில்லை.

பால்மரத்துமகன் | திங்கள், இரவு 11.02

கணக்கு அண்ணா சொன்னது சரி. ஆனால் இந்த இழையைப் படிக்கிற பிள்ளைகள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பால் வெட்டினார்கள். லயத்து வீட்டில் நாங்கள் நாலு பேர். நான் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தது முழுக்க பிடிபிடிஎன் பணத்தில். அது இல்லாவிட்டால் எஸ்பிஎம் முடித்த கையோடு சிங்கப்பூருக்குப் போய் ஏதாவது வேலை பார்த்திருப்பேன். 1997-ல் சட்டம் போட்டு இந்த நிதியைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர் காசில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். உபகாரச் சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தால் ஊரே பேசும். மற்றவர்களுக்கு வழி இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து வங்கியில் நேரடிப் பிடித்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சம்பளம் வந்த மறுநாள் போய்விடும். கண்ணில் படாத பணம் செலவும் ஆகாது. இப்போது கடன் முடிந்துவிட்டது, வீட்டுக்கடன் வாங்கப் போனபோது வங்கியில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடன் நமக்கு ஒரு படி. ஏறிய பிறகு அதற்குரியதைக் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வாத்தியார்71 | செவ்வாய், காலை 6.50

அம்மா சுங்கைஅக்கா, நான் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு இடைநிலைப்பள்ளியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒவ்வொரு ஆண்டும் எஸ்பிஎம் முடிவு வந்த கையோடு இப்படிப்பட்ட கூட்டங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வருத்தம் தருகிற விஷயம் கடன் அல்ல. நம் பிள்ளைகளின் படிப்பை நிர்ணயிப்பது கடனாக ஆகிவிட்டது. "இந்தக் கோர்சுக்குக் கடன் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தக் கோர்சில் சேர்ந்துவிடுகிறார்கள். பையனுக்கு அதில் விருப்பமா, படித்தால் எங்கே வேலை என்ற பேச்சு வீட்டில் எழுவதே இல்லை. முதலில் படிப்பு, பிறகு அதற்கு எவ்வளவு பணம் குறைகிறது, அந்தக் குறைக்கு மட்டும் கடன். இந்த வரிசை தலைகீழாகப் போனால் 17,000 ரிங்கிட்டும் வீண், பையனின் மூன்று வருடமும் வீண்.

ஐந்து கிரெடிட் என்கிறீர்கள். யுபியுவில் (அரசு உயர்கல்விக் கூடங்களுக்கான பொது விண்ணப்பம்) விண்ணப்பித்தானா? பாலிடெக்னிக்கில் கட்டணம் ஒரு பருவத்துக்கு 200 ரிங்கிட். ஆறு பருவம் என்றால் 1,200. பக்கத்திலேயே ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, நாட்டின் முதல் பாலிடெக்னிக், 1969-ல் தொடங்கியது. அங்கே படித்தாலும் பிடிபிடிஎன் கேட்கலாம், ஆனால் அந்தப் பணம் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உதவும், கடனும் சிறியதாக இருக்கும். ஆறாம் படிவம் எடுத்தால் எஸ்டிபிஎம் தேர்வு வழியாகப் பல்கலைக்கழகம், அதற்கு ஏறக்குறையச் செலவே இல்லை. பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனும் உண்டு. தேர்ச்சியைப் பொறுத்து இந்த வாசல்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. தோட்டத்துக்குள் நேராக வந்து கதவைத் தட்டுவது தனியார் ஏஜெண்டு மட்டும்தான், அதனால் அது ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடுகிறோம்.

தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கல்லூரியில், வேலை கிடைக்கிற படிப்பில் சேர்ந்து முன்னுக்கு வந்த என் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேள்வி கேட்டார்கள்.

சுங்கைஅக்கா | செவ்வாய், மதியம் 1.15

எல்லாருக்கும் நன்றி. கடன் 17,000-தான் வரும், மீதிக்கு என்ன செய்வது என்று ஏஜெண்டிடம் போனில் கேட்டேன். "மீதியை ஹாஸ்டல் முன்பணத்தோடு சேர்த்துத் தவணையாக வாங்கிக்கொள்வோம்" என்றார். கூட்டத்தில் இது வரவே இல்லை.

எம்கியூஏ (படிப்புகளின் தகுதியை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வாட்சப்பில் அனுப்பினார். அது உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? எங்களுக்கு எஸ்டிஆர் வருகிறது.

ஈப்போகணக்கு | செவ்வாய், மதியம் 2.05

அவர் அனுப்பிய கடிதத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். எம்கியூஏ இணையத் தளத்தில் மலேசியத் தகுதிப் பதிவேடு இருக்கிறது. கல்லூரி பெயரைப் போட்டால் அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியல் வரும். படிப்பின் பெயர், கல்லூரி வளாகம், தேதி மூன்றும் பொருந்துகிறதா பாருங்கள். ஒரே கல்லூரிக்குப் பல வளாகம் இருக்கும், ஒன்றுக்கு இருக்கிற அங்கீகாரம் இன்னொன்றுக்கு இருக்காது. அப்புறம் அந்தப் படிப்பு பிடிபிடிஎன் கடனுக்குத் தகுதியானதா என்று பிடிபிடிஎன்னிடமே கேளுங்கள். ஈப்போ அலுவலகத்துக்குப் போனால் நேரில் சொல்வார்கள்.

எஸ்டிஆர் இருப்பதால் முழுத் தொகைக்கு வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்க முதலில் சிம்பான் எஸ்எஸ்பிஎன் என்ற பிடிபிடிஎன்னின் கல்விச் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும், 20 ரிங்கிட் போதும். விண்ணப்பத்தை இணையத்தில் நீங்களே செய்யலாம். இதற்கென்று யாராவது 100, 150 ரிங்கிட் கேட்டால் கொடுக்காதீர்கள். தம்பியின் அடையாளக் கார்டு எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு விவரம் எதையும் ஏஜெண்டு கையில் கொடுத்து "நீங்களே செய்துவிடுங்கள்" என்று விடவும் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து தம்பியுடையது. அதை அவன் படித்திருக்க வேண்டும்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 8.30

நான் பகாவ் பக்கம். என் மகள் தனியார் கல்லூரியில் படித்தாள். ஒரு விஷயத்தை இங்கே யாரும் இன்னும் தொடவில்லை.

கடன் ஒப்புதல் கிடைத்தால் மொத்தப் பணமும் கையில் வந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அப்படி வருவதில்லை. பருவம் பருவமாக வரும், கட்டணப் பகுதி கல்லூரிக்கு நேராகப் போகும். முதல் பணம் வருவதற்கே நாளாகும், அதுவரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நாம்தான். அதை விட முக்கியம், ஒவ்வொரு பருவமும் மதிப்பெண் சராசரி 2.00-க்குக் குறையக் கூடாது. இரண்டாம் பருவத்தில் என் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போய் சராசரி இறங்கிவிட்டது. அந்தப் பருவத்துக்கான பணம் நின்றுவிட்டது. நான் கூட்டுச் சீட்டு எடுத்து அந்தக் கட்டணத்தைக் கட்டினேன். அடுத்த பருவம் அவள் மேலே ஏறியதும் திரும்ப வரத் தொடங்கியது.

ஆகையால் கடன் கிடைத்தாலும் ஒரு பருவக் கட்டணத்துக்கு உரிய பணம் வீட்டில் எங்காவது இருக்க வேண்டும், அல்லது கேட்டால் தருகிற ஒருவர் இருக்க வேண்டும். பணம் வந்த வாரத்திலேயே புதுப் போன், ஒன்றாகச் சேர்ந்து கேமரன் மலை என்று போகிற பிள்ளைகளையும் பார்த்தேன். நான்கு மாதத்துக்கு வந்த பணம் மூன்றாவது வாரத்தில் தீர்ந்துபோய், கடைசியில் மெகி சமைத்துச் சாப்பிட்டுக் கிடப்பார்கள். என் மகளிடம் ஒரு பழக்கம் வைத்தேன். வந்த பணத்தை அந்தப் பருவத்தின் மாதங்களால் வகுத்து, மாதப் பங்கை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுவாள். மிச்சத்தைத் தொடமாட்டாள். சின்ன விஷயம்தான், ஆனால் அதுதான் அவளைக் காப்பாற்றியது.

கிள்ளான்லோரி | செவ்வாய், இரவு 10.10

எல்லாரும் கட்டு, கட்டு என்கிறீர்கள். நான் நேராகக் கேட்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். டிப்ளமோ வாங்கிய பிள்ளைக்குப் பல இடங்களில் அதற்குப் பக்கத்தில்தான் சம்பளம். கிள்ளானில் ஓர் அறைக்கே 400, 500 கேட்கிறார்கள். மோட்டார் தவணை, அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் போக 156 ரிங்கிட் எங்கிருந்து வரும்? படிப்பு என்பது அரசாங்கம் இலவசமாகக் கொடுக்க வேண்டியது. ஏழைப் பிள்ளையின் தலையில் கடனை வைத்துவிட்டுப் பொறுப்பு பற்றிப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கட்டாதவர்களில் பாதிப் பேர் கட்ட முடியாதவர்கள்.

ஈப்போகணக்கு | செவ்வாய், இரவு 10.55

லோரி அண்ணா, படிப்பு இலவசமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அதற்காகக் குரல் கொடுப்போம். ஆனால் அது வருகிற வரை கையெழுத்துப் போட்ட பிள்ளை என்ன செய்வது என்பதற்குப் பதில் வேண்டுமே.

2018 தேர்தலில் 4,000 ரிங்கிட் சம்பளம் வரும்வரை கட்ட வேண்டாம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அதை நம்பி நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், 2,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களின் சம்பளத்தில் 2 முதல் 15 விழுக்காடு வரை பிடிப்போம் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதையும் தள்ளி வைத்தார்கள். வெளிநாடு போகத் தடை செய்யும் பட்டியல் இருந்தது, 2018-ல் எடுத்தார்கள். கொள்கை இப்படி மாறிக்கொண்டே இருக்கும். கடன் தொகை மட்டும் அப்படியே நிற்கும். அரசியல்வாதியின் பேச்சை வைத்து வீட்டு பட்ஜெட் போடக் கூடாது.

கட்ட முடியாதவருக்கு வழி இருக்கிறது என்பதை நிறையப் பேர் அறிவதில்லை. வேலை இல்லை, மேற்படிப்பு படிக்கிறேன், உடல்நலம் சரியில்லை என்றால் தள்ளிவைக்க விண்ணப்பம் உண்டு. சம்பளம் குறைவு என்றால் மாதத் தொகையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நாம் போய்க் கேட்க வேண்டும், தானாக நடக்காது. கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைப்பதுதான் ஆபத்து. பிடிபிடிஎன் கணக்கு, வங்கிகள் பார்க்கிற சிசிஆர்ஐஎஸ் கடன் பதிவேட்டில் தெரியும். நான்கு வருடம் கழித்துக் கார் வாங்கவோ, தாமானில் வீடு வாங்கவோ போகும்போது வங்கி அதிகாரி திரையில் அதைத்தான் பார்ப்பார். ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் இருந்தால் கடிதம் அவர் வீட்டுக்கும் போகும். பல வீட்டில் அது அம்மாவோ மாமாவோ.

கிள்ளான்லோரி | புதன், காலை 7.20

தள்ளிவைக்க விண்ணப்பம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் அக்கா மகன் வேலை இல்லாமல் எட்டு மாதமாக இருக்கிறான், கடிதம் வந்தபடியே இருக்கிறது. அவனை ஈப்போவுக்கு அழைத்துப்போகிறேன். ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்தச் சுமை இவ்வளவு இளைய வயதில் வரக் கூடாது.

ஈப்போகணக்கு | புதன், காலை 7.45

கிள்ளானில் இருந்தால் ஈப்போ வரை வர வேண்டாம் அண்ணா, சிலாங்கூரிலேயே அலுவலகம் உண்டு. வேலை தேடுகிறான் என்பதற்குரிய ஆதாரத்தை எடுத்துப்போகச் சொல்லுங்கள். எட்டு மாத நிலுவை என்ன ஆகிறது என்பதையும் அங்கேயே கேட்டு, எழுதி வாங்கி வரட்டும்.

பால்மரத்துமகன் | புதன், மதியம் 12.30

லோரி அண்ணன் சொல்கிற வலி உண்மை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இப்போது கட்டுகிற பணம்தான் அடுத்து வருகிற பிள்ளைக்குக் கடனாகப் போகிறது. எங்கள் தாத்தா காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போனபோது, துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து பத்து ரிங்கிட்டாகக் கொடுத்துப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில்தான் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களின் சம்பளத்துக்கு அந்தப் பத்து வெள்ளி மிகப் பெரியது. நம் ஆட்களுக்குப் பொறுப்பு தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வாத்தியார்71 | புதன், மாலை 5.10

நல்ல செய்தியை நினைவுபடுத்தினீர்கள். கூட்டுறவும் நம் சமூக அமைப்புகளும் இன்றும் இருக்கின்றன. மஇகாவின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கல்விக்கடன் கொடுக்கிறது, இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ரா வழி அவ்வப்போது உதவி வருகிறது. நிலநிதிச் சங்கத்தில் அப்பா உறுப்பினராக இருந்தால் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். ஒரே இடத்தில் முழுக் கடன் வாங்குவதற்கு முன் திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம் எங்கே இருக்கிறது என்று தேடுவது நம் கடமை. அதைத் தேடித் தருகிற ஆள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் வேண்டும்.

அரசு உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்தால் பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காடு) குடும்பப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் முன்பணம் உண்டு. பதிவு நாளில் கையில் காசில்லாமல் நிற்பவர்களுக்காக ஏற்பட்டது. அதுவும் கடனின் பகுதிதான், பின்னால் கழித்துக்கொள்வார்கள். பட்டப்படிப்பில் முதல் வகுப்பு வாங்கினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு இருக்கிறது, நிபந்தனைகளோடு. அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். டிப்ளமோவுக்கு அது இல்லை.

சுங்கைஅக்கா | புதன், இரவு 9.05

இது அக்கா இல்லை, நான்தான் தம்பி. அக்கா போனில் படித்துக் காட்டினார், நானே எழுதச் சொன்னார்.

அனிமேஷன் எனக்குப் பிடிக்கும், ஆனால் எனக்கு மின்சார வேலையில் ஆசை. தோட்டத்து ஜெனரேட்டர் ரிப்பேர் செய்ய வருகிற அண்ணனோடு லீவு நாளில் போவேன். கூட்டத்தில் எலெக்ட்ரிக்கல் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை, அனிமேஷன், ஹோட்டல், பிசினஸ் மூன்றுதான் என்றார்கள். அம்மா சந்தோஷமாக இருந்ததால் சரி என்று சொல்லிவிட்டேன். யுபியு விண்ணப்பம் செய்தேன், பாலிடெக்னிக் எலெக்ட்ரிக்கல் போட்டிருக்கிறேன். முடிவு வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயம்.

வாத்தியார்71 | புதன், இரவு 9.40

தம்பி, முதல் நாளே நீ இதை வீட்டில் சொல்லியிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது என்று சொல்ல மாட்டேன். இழை இருந்தது நல்லதுதான், இன்னும் நாலு வீட்டில் படிப்பார்கள். உன் அம்மா சந்தோஷப்பட்டது அனிமேஷனுக்கு அல்ல, நீ படிக்கப் போகிறாய் என்பதற்கு. இன்றைக்கே அவரிடம் சொல்.

பாலிடெக்னிக் முதல் சுற்றில் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு உண்டு, அதை விடாதே. கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் அட்டெக் பயிற்சிக் கழகங்களில் (சிலவற்றை முன்பு ஐஎல்பி என்பார்கள்) எலெக்ட்ரிக்கல் படிக்கலாம், அங்கே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ். திறன் பயிற்சிக்குக் கடன் வேண்டுமென்றால் அது பிடிபிடிஎன் அல்ல, பிடிபிகே என்று தனி நிதி. மின்சார வேலையில் கடைசியில் உனக்குச் சோறு போடுவது மின்சக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ், ஒற்றைக் கட்டத்துக்கு பிடபிள்யூ2, மூன்று கட்டத்துக்கு பிடபிள்யூ4. நீ தேர்ந்தெடுக்கிற இடம் அந்தச் சான்றிதழ் வரை கொண்டுபோகுமா என்று கேள். அந்த ஒரு கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிற இடத்தில் சேர்.

நிலாமுற்றம் | வியாழன், காலை 8.15

தம்பி, அந்த 300 ரிங்கிட்டைக் கட்டவில்லையே? கட்டியிருந்தால் திரும்பக் கேட்டு எழுதுங்கள்.

சுங்கைஅக்கா | வியாழன், மதியம் 12.50

அக்காதான் எழுதுகிறேன். கட்டவில்லை அம்மா. அப்பாவிடம் நேற்றிரவு கணக்கு அண்ணா சொன்னதைப் படித்துக் காட்டினேன். பாலிடெக்னிக் கிடைத்தால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் பிடிபிடிஎன் வாங்கலாம், முழுத் தொகை ஒப்புதல் ஆனாலும் தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று பேசியிருக்கிறோம். தேவையில்லாத பகுதியைக் குறைத்துக் கேட்க முடியுமா?

ஆனால் அப்பா இப்போது வேறு ஒன்று சொல்கிறார். அவருக்கு அடுத்த ஆண்டு 55 ஆகிறது. "இபிஎஃப் பணத்தை (ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்துத் தம்பிக்குக் கட்டிவிடுகிறேன், கடனே வேண்டாம்" என்கிறார். இது நல்லதா?

ஈப்போகணக்கு | வியாழன், இரவு 9.30

முதல் கேள்விக்கு, விண்ணப்பிக்கும்போதே தேவையான தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடன் தொகையைக் குறைப்பது பற்றி ஒப்பந்தத்துக்கு முன்னால் அலுவலகத்தில் பேசுங்கள். கூடுதலாக வந்துவிட்டாலும் எஸ்எஸ்பிஎன் கணக்கில் ஒதுக்கி வைத்து, படிப்பு முடிந்ததும் கடனுக்கே திருப்பிவிடலாம். முன்கூட்டிக் கட்ட எந்தத் தடையும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், வேண்டாம். காரணத்தை எண்ணிலேயே சொல்கிறேன். பிடிபிடிஎன் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. முழுத் தொகைக்கும் நிலையாகக் கணக்கிடுவதால், மாதாமாதம் கடன் குறைவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான செலவு ஏறக்குறைய 2 விழுக்காடு வரும். அப்பாவின் இபிஎஃப் கணக்கு 2023-க்கு 5.5, 2024-க்கு 6.3 விழுக்காடு ஈவு கொடுத்திருக்கிறது. 6 விழுக்காடு வளர்கிற பணத்தை எடுத்து 2 விழுக்காட்டுக் கடனைத் தவிர்ப்பது நஷ்டம். அதோடு, குலை வெட்டுகிற உடம்பு 60-க்குப் பிறகு எத்தனை வருடம் அந்த வேலைக்குத் தாங்கும்? அந்தப் பணம் உங்கள் அப்பா அம்மாவின் அரிசிக்கும் மருந்துக்கும். தம்பி இளைஞன், அவனுக்குச் சம்பாதிக்க நாற்பது வருடம் இருக்கிறது.

முதல் பருவத்துக்குக் கொஞ்சம் குறைந்தால் அப்பா வேண்டிய அளவு மட்டும் எடுக்கட்டும். 55 வயதுக்கு முன்னாலும் பிள்ளையின் கல்விக்காக அந்தச் சேமிப்பின் ஒரு பிரிவான அகாவுன் செஜாத்தராவிலிருந்து எடுக்க இபிஎஃப் அனுமதிக்கிறது, கட்டண ரசீதும் சேர்க்கைக் கடிதமும் கொண்டுபோக வேண்டும். மொத்தத்தையும் எடுத்து வீட்டில் வைக்க விடாதீர்கள். அப்படி எடுத்த பணம் படிப்புக்குப் போகும் முன் வேறு யார் யாருக்கோ போய்விடுவதைத்தான் நான் வேலை செய்கிற இடத்தில் அடிக்கடி பார்க்கிறேன்.

தம்பியிடம் சொல்லுங்கள், பாலிடெக்னிக் முடிவு வந்ததும் எஸ்எஸ்பிஎன் கணக்கை அவன் பெயரில் அவனே போய்த் திறக்கட்டும். ஒப்பந்தத்தின் ஒரு நகலும், தொகை பற்றிய எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஏதாவது புரியவில்லை என்றால், எண்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.